பார்க்க வேண்டிய இடங்கள்

தசரதன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்பே ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல்களின் வாசலில் தூக்கக் கலக்கத்தோடு நிற்கும் தெற்கத்திப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய் ஒரகடத்தில் இறக்குவார். இரவு ஷிப்டு முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். படப்பையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில் வீடு. மகள் தென்றலை ஆவடியில் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டில் அவரும் மனைவி ராஜாமணியும்தான்.

ராஜாமணி கொஞ்ச காலமாக நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வைத்த சொம்பைக் காலால் தட்டிவிட்டு, "இத யாரு இங்க வெச்சது?" என்பாள். வைத்தது அவளே. வயசாகிறது, அசதி என்று இருவருமே விட்டுவிட்டார்கள். தென்றல் வந்து பார்த்துவிட்டு, பிடிவாதமாக எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா லைட் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சும்மா. ரெண்டு கண்லயும். போனது திரும்பாது. மிச்சம் இருக்கறத நிறுத்திவைக்க மருந்து தரேன். நிக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்."

திரும்பி வரும்போது தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ராஜாமணிதான் முதலில் பேசினாள்.

"நான் இன்னும் மாபலிபுரம் பாத்ததில்லய்யா."

"போலாம்மா."

"வண்டலூர் ஜூ வாசல் வழியா எத்தினி வாட்டி போயிருப்போம். உள்ள போனதில்ல. நீ ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் ஏத்திக்கினு போற. என்ன மட்டும் எங்கயும் ஏத்திக்கினு போனதில்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கத்திரிக்காய் விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதனாலேயே அது தசரதனைக் குத்தியது. இருட்டுவதற்குள் எதையெல்லாம் காட்ட முடியுமோ காட்டிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்.

தை மாதம் வண்டலூர் போனார்கள். பார்வையின் ஓரங்கள் போய், நடுவில் சின்ன வட்டம்தான் அவளுக்கு மிச்சம். தண்ணிக் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல என்பாள். வெள்ளைப் புலி அகழிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை மெல்ல நகர்த்தி, முதலில் வாலைப் பிடித்தாள். பிறகு முதுகு. மூஞ்சிக்கு வருவதற்குள் புலி எழுந்து போய்விட்டது.

"புலிய தவணையில பாக்கறேன்யா" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். புலி மறுபடி வரும்வரை காத்திருந்து மூஞ்சியையும் காட்டித்தான் கூட்டிவந்தார்.

மாசியில் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள். யானைக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையை, அவர் காட்டுவதற்குள் அவளே கண்டுபிடித்தாள். "திருட்டுப் பூன. எலி எல்லாம் நம்பிக்கினு நிக்குது பாரு." அந்தப் பெரிய உருண்டைக் கல்லுக்குக் கீழே ஜனங்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல் உருண்டுவிடும் என்று ராஜாமணி அவரை நிற்க விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள். கடற்கரையில் சுண்டல் தின்றார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒரு சாயங்காலம் வாய்த்ததில்லை என்று தசரதன் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு லீவு கிடைக்கவில்லை. இன்னொரு டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட, அந்த ஷிப்டையும் தசரதனே சேர்த்து ஓட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தால் சோறு, தூக்கம். ராஜாமணி சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரே கதையா கீது, போர்" என்றாள். குழம்பு ஊற்றும்போது இலையின் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டு ஊற்றினாள். சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறாளா என்று மட்டும் கேட்பார். "விட்டுக்கினுதான் கீறேன்" என்பாள்.

வைகாசியில் கம்பெனியை மெஷின் பராமரிப்புக்காக ஒரு வாரம் மூடினார்கள். தசரதன் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "லீவு கெடச்சிருச்சு. எங்க போலாம் சொல்லு" என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேடந்தாங்கல். தென்றல் ஸ்கூல்ல கூட்டினு போனாங்களே, வந்து ஒரு வாரம் அதையே சொல்லிக்கினு இருந்தா. மரம் பூரா வெள்ளத் துணி காயப்போட்ட மாதிரி இருக்குமாம்."

காலையில் பைக்கில் கிளம்பினார்கள். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். அவளை வேப்பமரத்து நிழலில் வண்டியோடு நிறுத்திவிட்டு டிக்கெட் வாங்கப் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சீசன் முடிஞ்சிருச்சே சார். ஏரியில தண்ணி இல்ல. பறவை எல்லாம் எப்பவோ போயிடுச்சு. கார்த்திகைக்கு மேல வாங்க."

கார்த்திகைக்குள் அவள் கண் என்ன ஆகுமோ. தசரதனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மரத்தையும் கரையையுமாவது பார்க்கட்டும், உள்ளே போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று டிக்கெட் வாங்கிவந்தார்.

ஏரிக்கரைமேல் நடந்தார்கள். ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் கடம்ப மரங்கள் எச்சத்தின் கறையோடு மொட்டை மொட்டையாக நின்றன. தூரத்தில் நாலு மாடுகள் மேய்ந்தன. ராஜாமணி அவர் கையைப் பிடித்தபடி வந்து, கரையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமலே அவர் வாயைத் திறந்தார்.

"யப்பா" என்றாள் அவள். "எவ்ளோ கீது பாருய்யா. தென்றல் சொன்னாப்புலயே, துணி காயப்போட்ட மாதிரி."

தசரதன் அவளைப் பார்த்தார். அவள் முகம் ஏரிப் பக்கம் திரும்பியிருந்தது. வண்டலூரில் செய்ததுபோலத் தலையை இப்படியும் அப்படியும் நகர்த்தித் தேடவில்லை. ஒரே இடத்தில் நிலைகுத்தியிருந்தாள். உதட்டில் புன்னகை.

"சத்தமே போடாம ஒக்காந்துகீது பாரு" என்றாள்.

சீரியல், குழம்பு, இலை ஓரத்து விரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் நெஞ்சில் வந்து இறங்கின. தன் கையை அவள் கையிலிருந்து விடுவித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "நெறைய கீது."

"கூழைக்கடா எது? பெருசா இருக்குமே?"

"அதோ. அந்தக் கோடி மரத்துல."

"ம். பாத்துட்டேன்."

அப்போதுதான் கரையில் நாலைந்து பையன்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். அதில் ஒருவன் தசரதனைப் பார்த்ததும் நின்றான். தினமும் அவர் பஸ்ஸில் ஏறுகிற வள்ளியூர்ப் பையன், நம்பிராஜன்.

"டிரைவர் அண்ணாச்சி! நீங்களும் ஏமாந்துட்டீயளா? ஒரு கொக்கு கூட இல்லயே அண்ணாச்சி. ஏரியே காஞ்சு கெடக்கு. ரூம்ல தூங்கியிருக்கலாம்னு இவனுவள்ட்ட அப்பமே சொன்னேன்."

தசரதன் பேசாதே என்று கையைக் காட்டினார். பையனுக்கு அது புரியவில்லை. "சரி அண்ணாச்சி, வாரேன்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு போய்விட்டான்.

ராஜாமணியின் புன்னகை அப்படியே இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாததுபோல. பிறகு மெல்ல வடிந்தது. முந்தானையை இழுத்து மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சத்தம் இல்லயேன்னு நெனச்சேன்" என்றாள். "தூங்குது போலன்னு இருந்துட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"பங்குனி உத்திரம் அன்னிக்கு வெளக்கு ஏத்தினேன். ஏத்துனது தெரிஞ்சுது. மறுநா தெரியல."

"ஏன்மா சொல்லல?" அவர் குரல் உடைந்தது. "பக்கத்துலதான கீறேன்?"

"பக்கத்துல எங்க கீற? பஸ்ல கீற." அதைச் சொன்னதும் அவளுக்கே வருத்தமாகிவிட்டது. அவர் தொடையைத் தேடிப்பிடித்துக் கை வைத்தாள். "சொன்னா அழுவ. அப்பறம் என்ன வூட்டோட ஒக்கார வெச்சிருவ. இந்த வருஷம்தான்யா என்ன வெளிய கூட்டினு போன. அது நின்னுபோயிடும்னு பயமா இருந்துச்சு."

தசரதன் அழுதார். துண்டை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில், தனக்குப் பக்கத்திலேயே அவள் தனியாக இருட்டுக்குள் போய், தனியாகவே அதற்குப் பழகியும் விட்டிருக்கிறாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் அழவில்லை. அவள் அழுது முடித்து வெகு நாளாகியிருக்க வேண்டும்.

அவர் அழுகை ஓய்ந்ததும், "நீ மட்டும் இன்னா?" என்றாள். "இல்லாத பறவைய இருக்குதுன்னு சொல்ற. இனிமே அப்பிடி சொல்லாத. இருக்கறத சொல்லு."

அவர் மூக்கைச் சிந்திவிட்டு ஏரியைப் பார்த்தார். "தண்ணி இல்ல. மண்ணு வெடிச்சுக் கெடக்குது. மாடு மேயுது."

"இன்னா மாடு?"

"ரெண்டு செவல. ரெண்டு வெள்ள."

"சரி" என்றாள். அதற்கப்புறம்தான் எழுந்தார்கள்.

மறுநாள் தென்றலுக்குப் போன் போட்டுச் சொன்னார்; அவளும் அழுதாள். மறுபடி எழும்பூர் போனார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, வலி வராமலிருக்க மட்டும் மருந்து எழுதினார்.

லீவின் கடைசி நாள் ராஜாமணியே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "மணிமங்கலம் போலாமா? பக்கத்துலயே இருந்துக்கினு அதையும் பாக்கல நாம."

ஊர்க் கோடியில் பழைய சிவன் கோவில். ஆள் நடமாட்டம் இல்லை. தசரதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிராகாரத்தில் நடந்தார். பார்ப்பதை எல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். காலமெல்லாம் ரோட்டைப் பார்த்து ஓட்டியவர். பார்த்ததைச் சொல்லிப் பழக்கமில்லை.

"கல்லு" என்றார். "தூணு. மேல பின்பக்கம் யான முதுகு மாதிரி உருண்டையா கீது."

"ம்."

"செவுத்துல எழுத்து செதுக்கி வெச்சிருக்காங்க. சுத்தி முழுக்க."

அவள் கையை நீட்டினாள். அவர் பிடித்து எழுத்தின் மேல் வைத்தார். விரல்கள் குழிகளில் ஏறி இறங்கின.

"இன்னா எழுதியிருக்கு?"

அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தமிழ்போலத்தான் இருந்தது. ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

"பழைய எழுத்தும்மா. எனக்கும் தெரியல."

"உனக்கும் தெரியலயா?"

"தெரியல."

கையைச் சுவரிலிருந்து எடுக்காமலே நடக்க ஆரம்பித்தாள். வெயிலில் கல் சுட்டது. தசரதன் அவள் நிழலுக்குள் தன் காலை வைத்து, அவள் போகும் வேகத்திலேயே கூடப் போனார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"சுத்தி வந்துட்டமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இன்னும் பாதி கீது."