நாலு கை சாஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குள் தம்பி இரண்டு முட்டையைக் கெடுத்திருந்தான்.

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்திரண்டு வயது. லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்கள் மாடிக்குப் போய் வருவது அவன் கைபட்ட கயிற்றில்தான். ஆனாலும் இந்தக் கதை முடிகிற வரைக்கும் அவன் தம்பிதான், ஏனென்றால் பன்னிரண்டு மணிக்கு அவனுடைய அக்கா வரப்போகிறாள். மூன்று வருடம் கழித்து வரப்போகிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கியபோது ஒரு விருந்து வைத்தான். நாற்பது பேர் வந்தார்கள். அக்காவும் வந்தாள், சாப்பாட்டுக்கு நடுவில் தலைவலி என்று எழுந்து போனாள். அதற்குப் பிறகு கூப்பிடும்போதெல்லாம் ஒரு காரணம். ஒரு தடவை முட்டி வலி, ஒரு தடவை மழை, இன்னொரு தடவை அவள் நடத்துகிற பஸ் டெப்போ கேன்டீனில் ஆள் வரவில்லை. போனில் நன்றாகத்தான் பேசுவாள். வீட்டுக்கு மட்டும் வரமாட்டாள். ஏதோ மனத்தாங்கல் என்று தம்பிக்குத் தெரிந்தது. என்னவென்றுதான் தெரியவில்லை.

"கேட்டுடுங்களேன்" என்றாள் அவன் மனைவி.

"கேட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்லுவா. அப்புறம் நிஜமாவே வரமாட்டா."

அதனால் கேட்காமல் சமைப்பது என்று முடிவு செய்தான். இன்றைக்கும் அவள் பாதியில் எழுந்து போய்விட்டால், இனி ஜென்மத்துக்கும் இந்தப் படியேற மாட்டாள். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே அந்தப் பழைய சாப்பாட்டையே செய்வது, அதையும் தானே செய்வது, மனைவியைக் கூட அடுப்படிக்குள் விடுவதில்லை என்று மூன்று தீர்மானங்கள்.

பழைய சாப்பாடு என்பது கம்பியில் கோத்துச் சுட்ட இறாலும் அதற்குத் தொட்டுக்கொள்ள முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்த ஒரு காரச் சாஸும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டபோது அக்காவுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதிமூன்று. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. அக்கா இறால் கம்பெனியில் ஓடு உரிக்கும் வேலைக்குப் போனாள். ஏற்றுமதிக்கு ஆகாத உடைசல் இறாலைச் சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு பை கொடுத்துவிடுவார்கள். மறுநாள் மத்தியானம் அக்காவும் தம்பியும் மாடிப்படியின் திருப்பத்தில், பாதியாக வெட்டிய எண்ணெய் டின்னில் கரியைக் கொட்டிச் சுடுவார்கள். உடைசல் என்பதால் கம்பிவலையில் போட்டால் கீழே கரிக்குள் விழுந்துவிடும். கீழ்க்கடையில் கழித்துப்போட்ட சைக்கிள் ஆரக்கம்பிகளைக் கேட்டு வாங்கி, தேய்த்து, நெருப்பில் காட்டி, அவற்றில் கோப்பார்கள். ஆரக்கம்பி இரும்பு. அதன் சூடு இறாலின் நடுவுக்கே போய் உள்ளிருந்தும் வேகவைக்கும். வெளியே நெருப்பு, உள்ளே கம்பி. அதனால் மூன்று நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். பதிமூன்று வயதில் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன நாளிலிருந்துதான் அக்கா அவனுக்கு 'ஸ்க்ரூ' என்று பெயர் வைத்தாள்.

இன்றைக்குக் கடையில் வாங்கிய மூங்கில் குச்சிகள். இவற்றில் சூடு ஏறாது, தீ மட்டும் பிடிக்கும். அதனால் காலையிலேயே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தான். ஒற்றைக் குச்சியில் கோத்தால் இன்னொரு தொல்லை: குச்சியைத் திருப்பும்போது இறால் திரும்பாது, வெந்த பக்கமே மறுபடியும் கீழே வந்து உட்காரும். இரண்டு குச்சிகளை விரல் அகலம் விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் குத்திவிட்டால், லிஃப்ட் பெட்டி இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் நிற்கிற மாதிரி, ஆடாமல் அசையாமல் நிற்கும். அப்படியே கோத்து, உப்பும் மிளகும் பூசி, பால்கனியில் கரியைப் பற்றவைத்துவிட்டு வந்தான். அதெல்லாம் சரியாகத்தான் நடந்தது.

சாஸ்தான் வரவில்லை.

அந்தச் சாஸ் ஒரு சமாதானப் பேச்சு. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஜென்மப் பகையாளிகள், ஒரே கிண்ணத்தில் விட்டால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் முட்டையின் மஞ்சள் கரு தரகராக வருகிறது. ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் சாற்றையும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தரகருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். எண்ணெய் சொட்டுச் சொட்டாக வர வேண்டும், ஒவ்வொரு சொட்டையும் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாக அடித்து உடைக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு தரகரைத் தள்ளிவிட்டு வெளியேறும். வெண்ணெய் மாதிரி வர வேண்டியது திரிந்த மோர் மாதிரி நிற்கும்.

தம்பி ஒரு கையால் அடித்தான், ஒரு கையால் ஊற்றினான். கிண்ணம் வழுக்கிக்கொண்டு மேடையைச் சுற்றிவந்தது. அதைப் பிடிக்கப் போனபோது எண்ணெய் மடமடவென்று கொட்டியது. முதல் முட்டை போயிற்று. இரண்டாவதும் அப்படியே.

"மிக்ஸியில போட்டா ஒரு நிமிஷம்" என்றது கூடத்திலிருந்து ஒரு குரல்.

"அப்ப மிக்ஸி இல்ல!"

"அப்ப இந்த வழுக்கைகூடத்தான் இல்ல" என்றாள் மனைவி.

அழைப்பு மணி அடித்தது.

அக்கா செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தாள். தம்பி அதைக் கவனித்தான், கரிப்புகை என்று நினைத்துக்கொண்டான். ஐம்பத்தெட்டு வயதிலும் நேராக நடந்து வந்து, நேராக அடுப்படிக்குள் நுழைந்து, இரண்டு கிண்ணங்களையும் எட்டிப் பார்த்தாள்.

"என்னடா ஸ்க்ரூ, வாந்தி எடுத்து வச்சிருக்கே?"

"ரெண்டு முட்டை போச்சுக்கா."

"என்னை உள்ளேயே விடலை அண்ணி" என்றாள் மனைவி.

"நீ தப்பிச்சேம்மா. ஏன்டா, லிஃப்ட்டு வேலைக்குத் தனியாவா போறே?"

"இல்ல. மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன்."

"அப்ப இதுக்கு மட்டும் எப்படித் தனியா வரும்? நான் அடிப்பேன், நீ ஊத்துவே. அப்படித்தானே செஞ்சோம்? மறந்துட்டியா?"

மறக்கத்தான் செய்திருந்தான். சாஸை நினைக்கும்போதெல்லாம் அக்காவின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. கிண்ணத்துக்கு மேலே பாட்டிலைச் சாய்த்துப் பிடித்திருந்த கை தன்னுடையது என்பது ஞாபகத்தில் இல்லை. ஆனால் விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது போலும். காலையில் அவனே அறியாமல் ஒரு பாட்டிலின் தக்கையில் அரத்தால் சின்னதாகப் பள்ளம் போட்டு வைத்திருந்தான், அந்தக் காலத்தில் செய்தது போலவே. ஆனால் அதை மாட்டாமலேதான் இரண்டு தடவையும் ஊற்றியிருந்தான். பாட்டிலைக் கவிழ்த்தால் அந்தப் பள்ளத்தின் வழியாக ஒவ்வொரு சொட்டுதான் வரும்.

அக்கா தக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சற்று இளகியது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள்.

"புது முட்டை ஒண்ணு உடை. மஞ்சள் மட்டும். கெட்டுப்போனதைக் கொட்டாதே. அதையே பாட்டில்ல ஊத்து, எண்ணெய்க்குப் பதிலா அதைச் சொட்ட விடலாம்."

அதுவும் ஒரு நல்ல சூட்சுமம். திரிந்த சாஸில் எதுவும் கெட்டுப்போவதில்லை, சேர்மானம் விட்டுப்போகிறது, அவ்வளவுதான். புதிதாக ஒரு தரகரை வைத்து, முதலிலிருந்து நிதானமாகப் பேசினால் எல்லாம் திரும்ப வந்து சேரும்.

அக்கா அடித்தாள். தம்பி பாட்டிலைச் சாய்த்தான். முதல் சொட்டு விழுந்து மறைந்தது. அடுத்தது விழுந்தது. இந்த வேலையில் இரண்டு பேரும் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. மூன்று வருடமாகப் போனில் கேட்க முடியாததை அதனாலேயே அவனால் கேட்க முடிந்தது.

"ஏன்க்கா வீட்டுக்கே வரலை?"

கரண்டி நிற்கவில்லை. "விருந்தன்னைக்கு எழுந்து நின்னு பேசினியே."

"நல்லாத்தானே பேசினேன்? எங்க அக்கா எனக்கு இறாலைக் குடுத்துட்டு வெறும் ரொட்டி தின்னா, எனக்காக ஒரு நாள்கூட வாய்க்கு ருசியா சாப்பிடலைன்னு சொன்னேன். எல்லாரும் அழுதாங்களே."

"அதைத்தான்டா சொல்றேன். அழுதாங்க. ஒரு அம்மா என் கன்னத்தைத் தடவி, நீங்க இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கன்னு என் தட்டுல ஆறு இறாலை வச்சாங்க."

"பாசத்துல வச்சிருப்பாங்க."

"எனக்கு இறால் பிடிக்காதுடா."

"சும்மா சொல்றே."

"அன்னைக்கும் பிடிக்காது, இன்னைக்கும் பிடிக்காது. ஒரு நாளைக்கு அஞ்சாயிரம் இறாலுக்குத் தலையைத் திருகினவ நான். ஐஸ்ல விரல் மரத்துப்போகும், ஆனா அந்த நாத்தம் மட்டும் மரக்காது. வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழத்தால தேய்ச்சாலும் போகாது. சோத்தை வாய்க்குக் கொண்டுபோனா சோறே இறாலா இருக்கும்."

"எனக்காகத்தான் பிடிக்காதுன்னு..."

"கை! கை!"

பாட்டில் சாய்ந்து நாலைந்து சொட்டுகள் ஒன்றாக விழுந்திருந்தன. அக்கா வேகமாக அடித்தாள். சாஸ் தயங்கியது, பிறகு மனம் மாறி ஒன்று சேர்ந்தது.

"பாத்தியா? பிடிக்கலைன்னு சொன்னா அதையும் தியாகத்துல சேர்த்துக்கறே. நான் எந்த வழியாத்தான்டா வெளியே வர்றது? அந்தச் சாஸ் யாருக்குன்னு நினைச்சே? எனக்கு. பூண்டும் மிளகாயும் அள்ளி அள்ளிப் போட்டேனே, ஏன்? அதோட காரத்துல அரை மணி நேரமாவது என் மூக்கு இறாலை மறக்கும். வாரம் பூரா அந்தக் கிண்ணத்துக்காகத்தான் காத்துட்டிருப்பேன். சுட்ட ரொட்டி, சாஸ், கீழே சைக்கிள் கடை ரேடியோ, பக்கத்துல நீ கம்பி எப்படிச் சுடுதுன்னு லெக்சர் குடுத்துட்டு... நான் சந்தோஷமா இருந்தேன்டா ஸ்க்ரூ. என் வாழ்க்கையில நல்லா இருந்ததுன்னு எண்ணினா அந்த ஞாயித்துக்கிழமைகளைத்தான் முதல்ல எண்ணுவேன். நீ நாப்பது பேர் முன்னால அதை எல்லாம் பட்டினியா மாத்திட்டே."

தம்பியின் கை சொட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. அக்கா சொன்னதை நம்பலாமா வேண்டாமா என்று இன்னும் உள்ளே ஒரு தராசு ஆடியது.

"நம்பலை இல்ல? சரி, யோசிச்சுப் பாரு. நீ ரெண்டாவது தடவை சாஸ்ல தொட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவன் யோசித்தான். மாடிப்படித் திருப்பம் ஞாபகத்துக்கு வந்தது. டின்னும் கரியும் வெயிலும் வந்தன. கம்பி முனையில் இறாலோடு கிண்ணத்தை நோக்கிப் போகிற தன்னுடைய கை வந்தது. பிறகு, நாற்பது வருடம் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு, விரல் முட்டியில் சுளீர் என்று அந்த வலி வந்தது.

"கரண்டியால அடிப்பே."

"தியாகம் பண்றவ கரண்டியால அடிப்பாளாடா?"

கூடத்தில் மனைவி சிரித்துவிட்டாள். தம்பிக்கும் சிரிப்பு வந்தது. பாட்டில் காலியாகியிருந்தது. கிண்ணத்தில் சாஸ் கெட்டியாக, கரண்டியை நட்டால் நிற்கிற பதத்தில் பளபளத்தது. அக்கா அரைத்த மிளகாய் விழுதும் பூண்டும் துளி சர்க்கரையும் சேர்த்துக் கலக்கினாள். வெள்ளை, மாலை வெயில் நிறத்துக்கு மாறியது.

பால்கனியில் கரி சாம்பல் பூத்துத் தயாராக இருந்தது. தம்பி குச்சிகளை அடுக்கினான். இறால் அரை வட்டமாக வளைந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்தான். அரை வட்டத்தில் எடுத்தான். அடுப்பின் மறு ஓரத்தில், இறால் வாசம் எட்டாத இடமாகப் பார்த்து, மனைவி கொண்டுவந்த ரொட்டித் துண்டுகளை வைத்தான். கிண்ணத்தை அக்காவின் பக்கம் நகர்த்தினான். அவள் நாற்காலியைக் காற்று வருகிற பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் மேல் பால்கனியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ரிடையர் ஆன பேங்க் மேனேஜர். அன்றைய விருந்தில் எல்லோரையும் விட அதிகமாக அழுதவர்.

"வாசனை ஆளைத் தூக்குது சார்! அட, அக்காவும் வந்திருக்காங்களா? இன்னைக்காவது முதல் குச்சியை அவங்களுக்குக் குடுங்க சார். அன்னைக்கு நீங்க சொன்னது இன்னும் என் நெஞ்சிலேயே நிக்குது."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த அக்காவின் விரல்கள் நின்றன. அவள் நிமிரவில்லை. செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்ப்பது போல வாசல் பக்கம் பார்த்தாள்.

ஒரு புன்னகையோடு விட்டுவிடலாம். பெரியவர், மேல் வீட்டுக்காரர். தம்பி இடுக்கியைக் கீழே வைத்தான்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அக்காவுக்கு இறால் பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்ல. இறாலை நான் ஆசையாத் தின்னேன், சாஸை அவ ஆசையாத் தின்னா. என்னை ரெண்டாவது தடவை தொடவிட மாட்டா, கரண்டியால அடிப்பா. ரெண்டு பேரும் ரொம்ப சந்தோஷமா இருந்தோம் சார். அவ்வளவுதான் நடந்தது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பெரிய மனசு சார் உங்க ரெண்டு பேருக்கும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. இருமலும் சிரிப்புமாக மேஜையைத் தட்டினாள். மனைவி முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"அந்த ஆளை விடுடா, அவர் தேறமாட்டார்" என்றாள் மூச்சு வந்ததும். "நீ சொல்லிட்டே இல்ல."

அன்றைக்கு அக்கா ஆறு துண்டு ரொட்டி சாப்பிட்டாள். கிண்ணத்தின் அடியை ஓரம் கருகிய கடைசித் துண்டால் வழித்தாள். தம்பி விரல் முட்டியில் இரண்டு தடவை வாங்கினான். மனைவிக்கு மட்டும் இஷ்டம் போலத் தொட்டுக்கொள்ள அனுமதி இருந்தது. "வீட்டுக்கு வந்த பொண்ணு" என்று காரணம் சொல்லப்பட்டது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறதே என்று தம்பி முறையிட்டது எடுபடவில்லை.

நாலரை மணிக்கு அக்கா கிளம்பினாள். அதற்கு முன் அடுப்படிக்குள் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாட்டிலுக்குப் பக்கத்திலிருந்த தக்கையை எடுத்து முந்தானையில் துடைத்து, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அக்கா, அது என் தக்கை."

"எங்கிட்டயே இருக்கட்டும். இங்க விட்டுட்டுப் போனா நீ தனியா செஞ்சு முட்டையைக் கெடுப்பே." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை ரொட்டியைக் கொஞ்சம் தடிமனா வெட்டச் சொல்லு."