கிராவெதோனாவில் பத்து நாள்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அந்தப் பொருத்தத்தைத் தேடித்தான் ஜூலை மாதம் முழுவதும் சமையலறை மேசையில் ஏரிகளின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊரே விடுமுறைக்கு ஏரிக்கும் கடலுக்கும் கிளம்பிவிடுகிற ஆகஸ்டில் மிலானிலேயே கிடப்பவர்கள் இரண்டு வகை. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கூடப் போக ஆளில்லாதவர்கள். எங்கள் கட்டடம் பழையது. நடுவில் முற்றம், ஒவ்வொரு மாடியிலும் அதைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட பொது நடை. யார் வீட்டில் எத்தனை மணிக்கு வெங்காயம் வதங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டில் ஒருத்தி ஊருக்குப் போகவில்லை என்றால் அன்றே அவளுக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள்: "பாவம்." அறுபத்தேழு வயதில் பாவம் ஆக நான் தயாராக இல்லை. முப்பத்து மூன்று வருடம் டிராம் பணிமனையின் சாப்பாட்டுக்கூடத்தில் கரண்டி பிடித்தவள் நான். வரிசையில் நின்ற ஆண்கள் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். பாவம் என்று ஒருவனும் சொன்னதில்லை.

பதினெட்டு வருடமாக நானும் அக்கா தெல்பீனாவும் ஆகஸ்டில் லவேனோ ஏரிக்கரைக்குப் போய் வந்தோம். அதே விடுதி, அதே அறை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அதே சண்டை. அக்கா மார்ச்சில் போய்ச் சேர்ந்தாள். மே மாதம் விடுதிக்காரி போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் அழுதாள், நல்ல மனுஷிதான். அழுது முடித்ததும், "அப்ப உங்களுக்குச் சின்ன ரூமா ஒண்ணு பாத்துடறேன். சமையல்கட்டுப் பக்கம் ஒண்ணு காலியா இருக்கு" என்றாள்.

ஒற்றை ஆள் என்றால் சமையல்கட்டுப் பக்கம். போனை வைத்தபோதே தெரிந்துவிட்டது, லவேனோ மட்டுமல்ல, எந்த ஏரிக்கரைக்கும் என்னால் போக முடியாது என்று. மாலையில் எல்லோரும் இரண்டிரண்டு பேராகக் கரையோரம் நடப்பார்கள். "அந்தத் தொப்பியைப் பாரேன்" என்று சொல்ல எனக்குப் பக்கத்தில் யார்? தனியாகப் போகப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை வெளியே சொல்ல முடியுமா?

சொல்லாமல் இருக்க நீவெஸ் விட்டால்தானே. எங்கள் நடையிலேயே மூன்று கதவு தள்ளி இருப்பவள். எழுபது வயது, புருஷன் இல்லை, ஒரே மகன் கனடாவில். உலை வாயை மூடினாலும் அவள் வாயை மூட முடியாது. ஜூன் பிறந்ததிலிருந்து என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி.

"சின்யோரா எர்சீலியா, இந்த வருஷம் எந்த ஊரு?"

"இன்னும் முடிவு பண்ணல."

"லவேனோ இல்லையா?"

"மாத்தலாம்னு இருக்கேன்."

"மாத்தறதுன்னா? அதே ஏரிதானா, வேற ஏரியா?"

"சொல்றேன், சொல்றேன்."

"என்கிட்டச் சொன்னா என்ன? நான் என்ன பேப்பர்லயா போடப் போறேன்?"

"பேப்பர் எதுக்கு? உங்ககிட்டச் சொன்னா மத்தியானத்துக்குள்ள நாலு மாடிக்கும் போயிடுமே."

கோபித்துக்கொண்டு போவாள் என்று பார்த்தேன். சிரித்துவிட்டு மறுநாளும் வந்து கேட்டாள். சரியான ஒட்டுப்புல்.

அதனால்தான் வரைபடம். எங்கள் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஊர் வேண்டும். ஸ்த்ரேசாவுக்கு மருந்துக்கடைக்காரர் குடும்பம் போகும். பெல்லாஜியோவில் எங்கள் கட்டட வாசலைக் காக்கிற ஜெசுயீனாவின் தங்கை மகள் ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். சிர்மியோனேக்கு முதல் மாடிக் கணக்கர் வருடா வருடம் தன் மூக்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றில் ஆவி பிடிக்கப் போகிறார். மெனாஜியோவில் எதிர் வீட்டுத் தம்பதி வீடே வாங்கிவிட்டார்கள். வரேன்னாவில் ரயில் நிற்கும். ரயில் நிற்கிற ஊர் எதுவும் ஆபத்து, ஞாயிற்றுக்கிழமை யாராவது பொழுது போகவில்லை என்று வந்து இறங்கிவிடுவார்கள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனதில் கடைசியில் மிஞ்சியது கோமோ ஏரியின் தலைமாட்டில் இருக்கிற கிராவெதோனா. ரயில் எதிர்க்கரையோடு போய்விடும், கொலிகோவில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும். காற்றுக்காக ஜெர்மன்காரர்கள் பாய்மரப் பலகையோடு வருகிற ஊர். எங்கள் கட்டடத்திலிருந்து ஒரு ஈ காக்கை அங்கே போனதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பொய்க்காகத் தேடப் போய் நிஜமாகவே தேட ஆரம்பித்துவிட்டேன். எந்த விடுதிக்குக் காலை வெயில் வரும், எது கோயில் மணிக்கு ரொம்பப் பக்கம், இரவுச் சாப்பாடு ஏழரைக்கா எட்டுக்கா, எல்லாம் விசாரித்தாயிற்று. படகு நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஒரு நாள், ஏரியைப் பார்த்த அறை மூன்றாம் மாடியில்தான் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது என்று தெரிந்ததும் எனக்கு வந்ததே கோபம்! ஏறப் போகிறவள் மாதிரி முழங்காலைத் தடவிக்கொண்டேன். பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

நீவெஸிடம் சொன்னேன்.

"கிராவெதோனாவா? அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் போறேன்."

"எந்த விடுதி?"

"கரையோரமா ஒண்ணு. பேரு வாயில வரல."

"எப்ப?"

"பத்தாம் தேதி போயிட்டுப் பத்தொன்பது வருவேன்."

"தனியாவா?"

"பின்ன? பட்டாளத்தையா கூட்டிட்டுப் போவாங்க?"

அவள் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். பிறகு, "செடிக்கு நான் தண்ணி ஊத்தறேன்" என்று மட்டும் சொன்னாள். போலீஸ்காரி மாதிரி தேதி வரைக்கும் வாங்கிவிட்டாளே என்று எனக்கு எரிச்சல்.

பத்தாம் தேதி காலை பெட்டியோடு படி இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் பெட்டியை இடித்தேன், சத்தம் கேட்க வேண்டுமே. ஜெசுயீனா டாக்ஸியின் கதவைச் சாத்தி, "ஏரிக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க" என்றாள். ரயில் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கொலிகோ போகிற வண்டி புறப்பட்டதைப் பார்த்தேன். ஜெசுயீனா ஒன்றிலிருந்து மூன்று வரை கதவை அடைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்குவாள். ஒன்றரைக்குத் திரும்பி வந்து, செருப்பு ஒரு கையில், பெட்டி ஒரு கையில், திருடி மாதிரி மூன்று மாடி ஏறினேன். என் வீட்டுக்கு நானே திருடி.

பிறகு இருட்டு. ஜன்னல் ஷட்டரைக் கடைசிப் பட்டை வரை இறக்கிவிட்டேன். விளக்கு இல்லை. டி.வி. ஓடும், சத்தம் இல்லாமல். செய்தி வாசிக்கிறவன் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவான். முன்னாலேயே பெரிய பாத்திரம் நிறைய அரிசி சாலட் செய்து வைத்திருந்தேன், வதக்கினால் வாசனை போகுமே. எல்லாவற்றையும் விடக் கொடுமை காபி. அடுப்பில் கெட்டில் களகளவென்று பொங்கினால் முற்றத்துக்கே கேட்கும், வாசனை தெருவுக்கே போகும். மூன்றாம் நாள் தலைவலியில் சுவரைப் பிறாண்டாத குறை.

தினமும் மாலை ஆறு மணிக்கு நீவெஸின் செருப்புச் சத்தம் சரக் சரக்கென்று வரும். என் ஜன்னலுக்கு வெளியே கம்பியில் தொங்குகிற ஜெரேனியச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். சும்மா ஊற்ற மாட்டாள். "உங்கம்மா அங்க ஜம்முனு காத்து வாங்கறா. நீங்க இங்க கெடந்து காயறீங்க. எழுதினாளா, போட்டாளா? கல்நெஞ்சக்காரி" என்று செடிகளிடம் புலம்புவாள். ஒரு முழம் தள்ளி, ஷட்டருக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சனியன் எப்போது போவாள் என்று இருக்கும். ஆனால் நாலு மணியிலிருந்தே அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்ததும் நான்தான்.

பதினைந்தாம் தேதி, மாதா விண்ணேற்புத் திருநாள். அன்று மிலானில் காக்கைகூட வீட்டில் இருக்காது. காலையில் நீவெஸ் வீட்டுக் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது, படியில் இறங்கிப் போனாள். மத்தியானம் வரவில்லை. இவளையும் யாரோ விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. வாயாடிக்குக்கூட ஒரு மேசை இருக்கிறது. யாராவது வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுவார்கள் என்று செல்போனில் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை. கட்டடம் முழுவதும் நான் ஒருத்தி. பெருமூச்சு விட்டால் எதிரொலி வரும் போலிருந்தது.

ஆறரை மணிக்குக் காபி போட்டேன். யார் இருக்கிறார்கள், யாருக்குப் பயம்? முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்போதே படியில் காலடி கேட்டது. மெதுவாக, களைத்த கால். தன் கதவைத் தாண்டி நேராக என் ஜன்னலுக்கு வந்தது, நின்றது. காபி வாசனை ஷட்டர் இடுக்கு வழியாக அவள் மூக்குக்குத்தான் போயிருக்கும், வேறு எங்கே போகும்? நான் கோப்பையைக் கீழே வைக்கக்கூடப் பயந்து நின்றேன்.

செல்போன் அலறியது.

நீவெஸ். வெளியே நின்றுகொண்டு கூப்பிடுகிறாள். என் மேசையில் மணி அடிப்பது அவளுக்குக் கேட்கிறது, கேட்காமல் இருக்க அவள் செவிடு இல்லை. நிறுத்தக் கை வரவில்லை. எடுத்தேன்.

"சின்யோரா எர்சீலியா," என்றாள். குரல் போனிலும் வந்தது, ஷட்டர் வழியாகவும் வந்தது. "ஏரிக்கரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றேன் கிசுகிசுப்பாக. "நல்ல காத்து."

"ஆமா, காத்துதான். என் தொப்பிய அடிச்சுட்டுப் போயிடுச்சு."

எனக்குப் புரியவில்லை.

"இன்னிக்கு அங்க வந்திருந்தேன். காலைல முதல் வண்டி, அப்புறம் படகு. உங்களுக்குத் தெரியாம வந்து நிக்கணும்னு. நீங்கதான் விடுதி பேரு சொல்லலையே, ஒவ்வொண்ணா ஏறி இறங்கினேன். எர்சீலியான்னு யாரும் இல்லங்கறாங்க. சரி, எங்கயாவது போயிருப்பீங்க, படகுலதானே வரணும்னு படகுத்துறையில உக்காந்துட்டேன். மூணு படகு வந்துது. ஒவ்வொரு தரமும் எழுந்து நின்னு பாத்தேன்."

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்கா? பதினெட்டு வருஷமா நீங்க அக்காவும் தங்கச்சியும் பெட்டியத் தூக்கிட்டுப் போறத நான் இந்தக் கம்பியப் புடிச்சுட்டுப் பாக்கறேன். நீங்க ரெண்டு பேர், நான் குறுக்க வர முடியுமா? இந்த வருஷம் நீங்க ஒத்த ஆளு. கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்களும் வர்றீங்களான்னு ஒரு வார்த்த. அதுக்குத்தான் எந்த ஊரு, எந்த ஊருன்னு நாயா அலைஞ்சேன். நீங்க கேக்கல."

வெளியே மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரலைச் சரி செய்துகொண்டு, "படகுல எங்கயாவது தூரமாப் போயிட்டீங்க போல" என்றாள்.

எனக்குத் தப்பிக்க வழி விட்டாள். அதை அவள் தெரிந்தே செய்தாள் என்று எனக்கும் தெரியும். ஷட்டரை ஏற்றுகிற வார் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்திருந்தால் முடிந்தது. என் பாழாய்ப்போன வாய் சொன்னது:

"ஆமா. பெல்லாஜியோ வரைக்கும் போயிருந்தேன்."

"நல்லது," என்றாள். "நல்லா இருங்க." போனை வைத்துவிட்டாள். செடிகளுக்கு அன்று தண்ணீர் ஊற்றவில்லை, அவற்றிடம் பேசவும் இல்லை. காலடி மூன்று கதவு நடந்தது. சாவி உள்ளிருந்து இரண்டு தரம் திரும்பியது.

இருட்டில் நின்றேன். இன்னும் நாலு நாள் கிராவெதோனாவில் இருக்க வேண்டும். காற்று வாங்க வேண்டும். பத்தொன்பதாம் தேதி பெட்டியை இடித்துக்கொண்டு ஏறி வந்து, நல்லா இருந்துது என்று சொல்ல வேண்டும். அவளும் கேட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகு எந்த ஊர் என்று என்னை யாரும் கேட்க மாட்டார்கள், இந்த ஜென்மத்தில்.

வாரைப் பிடித்து இழுத்தேன். ஷட்டர் கடகடவென்று ஏறிய சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது. வெயில் கண்ணைக் குத்தியது. அவள் ஜன்னல் அசையவில்லை. வெறுங்காலோடு நடையில் இறங்கி மூன்று கதவு நடந்து தட்டினேன்.

"யாரது?" என்றாள் உள்ளேயிருந்து. கட்டடத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

"நான்தான். எர்சீலியா."

"சின்யோரா எர்சீலியா ஊர்ல இல்ல. ஏரிக்குப் போயிருக்காங்க. பத்தொன்பதாம் தேதிதான் வருவாங்க."

பட்டது. பட வேண்டிய இடத்தில்தான் பட்டது.

"அவ எங்கயும் போகல, நீவெஸ்," என்றேன் கதவிடம். "தனியாப் போகப் பயம். உங்களக் கூப்பிடணும்னு தோணவே இல்ல. அந்த அளவுக்கு மட்டி. வாங்கன்னு இப்பக் கூப்பிடறேன். எந்த ஊருன்னு நீங்க சொல்லுங்க."

நான் அங்கேயே நின்றேன். கம்பி வெயிலில் காய்ந்து, தரை சுட்டது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு சாவி ஒரு தரம் திரும்பியது. இன்னொரு தரம் திரும்பட்டும் என்று காத்திருந்தேன்.