மேலச்சுவர்

வீட்டை வாங்கி நான்காம் நாள், வைத்தி முற்றத்தில் கைகட்டி நின்று எல்லாவற்றையும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆழ்வார்குறிச்சித் தெருவில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த நாற்பது வீடுகளில் அது ஒன்று. அகலம் பன்னிரண்டு அடி, நீளம் ரயில் பெட்டி. நூற்றைம்பது வருஷத்து வீட்டில் ஒரு ஓடு மாற்றத் துப்பில்லாமல் விற்றவனை அவருக்குப் பிடிக்கவில்லை. ஓட்டில் குடியிருந்த பூனையைப் பிடிக்கவில்லை. அடுத்த வீட்டில் ஓடு இறக்குகிற புதுப்பணக்காரன் யாரென்று தெரியாவிட்டாலும் அவனையும் பிடிக்கவில்லை. "இதை மனுஷா வாங்குவாளாப்பா?" என்று கேட்ட மகள் சுப்ரியாவைக்கூடக் கொஞ்சம் பிடிக்கவில்லை. ஓய்வுபெற்றபோது வந்தது மொத்தமும் இதில் போயிருந்தது.

"சும்மா நிக்கறியேப்பா, அந்தக் காரைச் சட்டியை வாசல்ல கொட்டேன்" என்றார், லுங்கியோடு எட்டிப் பார்த்த ஆளிடம். தினமும் சாயங்காலம் வருவான், சிரித்துக்கொண்டே இரண்டு சட்டி கொட்டுவான், போய்விடுவான். கூலி கேட்காத சித்தாள். கிறுக்கன் என்று வைத்தி முடிவு கட்டியிருந்தார்.

அவன் போனதும் கொத்தனார் பூதத்தான் கேட்டார். "அவுகள ஏன் சார் இந்த வெரட்டு வெரட்டுதிய?"

"சித்தாள்தானே?"

"நல்லாருக்கே! அடுத்த வீட்டு முத்துமாலை அண்ணாச்சில்லா. கங்கைகொண்டான் கம்பெனில சூப்பர்வைசர். திங்கக்கிழம அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி மாடி கட்டப்போறாவ. மேக்கால இருக்க இந்த மேலச்சுவரும் அவுகளுதுதான். உங்க உத்தரம் அஞ்சும் அதுல ஓசியா உக்காந்திருக்கு."

"உளறாதேயும்."

"பத்திரத்தப் பாருங்களேன்."

பத்திரத்தில் இருந்தது, 'மேலச்சுவர் நீங்கலாக' என்று. முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் வீட்டுக்கடன் பத்திரங்களைச் சலித்தவர் வைத்தி. ஊரார் பத்திரத்தில் ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் திருப்பியனுப்பி, அவர்கள் வியர்வை துடைப்பதை ரசித்தவர். தன் பத்திரத்தை மட்டும், என்னை எவன் ஏமாற்றுவான் என்ற மிதப்பில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். இதே தப்பை வேறு யாராவது செய்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

ஞாயிறு காலை சட்டை மாட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். கூரையில்லாமல் வெறும் சுவர்களாக நின்ற வீட்டில் முத்துமாலை அளவு நூல் கட்ட முளையடித்துக்கொண்டிருந்தார். படியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செல்வமணி நிமிர்ந்து பார்த்தாள். "இவுகதானா சட்டி தூக்கச் சொன்னது?"

"மன்னிச்சுக்கோங்கோ. லுங்கியில பார்த்ததும்..."

"பேண்ட் போட்டிருந்தா கொத்தனார்னு நெனச்சிருப்பியளோ?" என்று சிரித்தார் முத்துமாலை. அதே சிரிப்புதான். இன்றுதான் வைத்திக்கு அது உறைத்தது.

"வானம் தோண்டினா சுவர் சரிஞ்சு என் கூரை போயிடும்."

"தெரியும் சார். உங்க உத்தரம் எவ்வளவு உள்ள ஏறியிருக்குன்னு பாக்கத்தான் தினம் வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"வாயத் தொறந்தாச் சட்டியக் கையில குடுத்துட்டிய."

செல்வமணி சிரிக்கவில்லை. "சுவரு நிக்கணும்னா ஒன்றரை அடி தள்ளித் தோண்டணும். எம்மவ கட்டில எங்கன போட?"

முத்துமாலை நூலின் ஒரு நுனியை வைத்தியிடம் நீட்டினார். "சுவரோரமாப் பிடிங்க சார்." மறுநுனியோடு பின்கட்டுக்கு நடந்தார். செல்வமணியும் எழுந்து பின்னால் போனாள். உள்ளே இரண்டு குரல்கள் தணிந்தும் ஏறியும் கேட்டன. ஒரு வார்த்தையும் புரியவில்லை.

வைத்தி சுவரடியில் குத்தவைத்தார், சித்தாள் மாதிரி.

"சார்! பைய இந்தப் பக்கம் நகருங்க."

நகர்ந்தார்.

"நில்லுங்க."

சுவருக்கும் நூலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது, ஒன்றரை அடியில் பாதி. உள்ளே மறுபடி பேச்சு எழுந்தது. அசைந்தால் எங்கே அதுவும் போய்விடுமோ என்று, வைத்தி இரண்டு கையாலும் நூலைப் பிடித்துக்கொண்டார்.