கீழே போடும் அறை

போனுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று போன் தயாரிக்கும் ஆபீசில் ஒற்றைக்காலில் நின்றவள் அந்த இன்ஜினியர். நெட் கிடைக்காத இடத்திலும் குடும்பத்துப் படமெல்லாம் கையோடு இருக்க வேண்டாமா என்பது அவள் கட்சி. மகன் முதன்முதலாக நடந்த வீடியோவைக்கூட அப்படிச் செய்த முதல் போனில்தான் ஏற்றியிருந்தாள். வேறெங்கும் வைக்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

உள்ளே சுழலும் தட்டு விழுந்தால் பிழைக்குமா என்று இன்று சோதனை. போன்களைக் கீழே போட்டுப் பார்ப்பதையே வேலையாகச் செய்பவர் அந்தப் போனை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார்.

“போடட்டுமாம்மா?”

“ஐயோ, இருங்கண்ணா! பையன் வீடியோவ காப்பி எடுத்துக்கறேன்!”

சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கே சுருக்கென்றது. வாங்கப்போகிற அம்மாக்களிடம் ‘போடட்டுமா’ என்று யார் கேட்கப்போகிறார்கள்?

“போட வேணாம்ணா,” என்றாள். “எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு.”