அழக் கூடாத வீடு

சாமுவேலைக் குளிப்பாட்டி வெள்ளை வேட்டி போர்த்தியாயிற்று. செண்பகம் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மாரடித்து அழுவது அஞ்ஞானிகளின் வழக்கம், உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்கு ஒப்பாரி எதற்கு என்று உபதேசியார் தானியேல் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். மீறினால் சபைக் கல்லறையில் இடமில்லை. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனானவனுக்கு ஊர்ச் சுடுகாட்டிலும் இடமில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் பதினோரு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவனுக்கு மிஞ்சியது ஆறடி மண். அதுவும் பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டிருந்தால்தான்.

துக்கத்தை அடக்கு என்கிறவர்கள் அது நெஞ்சில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். செண்பகத்துக்கு அது தாடையில் இருந்தது. பல்லைக் கடித்துக் கடித்துக் காதுவரை வலித்தது.

மத்தியானம் கணியம்பாடியிலிருந்து நாத்தனார் ரங்கம்மாள் வந்தாள். தம்பி வேதத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஏழு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவள். தெருமுனையிலேயே முடியை அவிழ்த்துவிட்டு, "ஐயோ என் ரத்தினசாமி" என்று அவனுடைய பழைய பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு வந்து காலடியில் விழுந்தாள். பிறகு நிமிர்ந்து செண்பகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி, கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல? வெள்ளக்காரப் பாதிரி அதயும் வாங்கிக்கினானா?"

ரங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். சத்தம் கேட்டு உபதேசியார் வந்துவிட்டார்.

"நிறுத்துங்கம்மா. செண்பகம், நீயாவது சொல்லக் கூடாதா?"

"அவங்க உங்க சபை இல்லீங்க ஐயா," என்றாள் செண்பகம். "அவங்களுக்கு நீங்க சட்டம் சொல்ல முடியாது. நான் வாயத் தொறந்தனா?"

அவர் சவப்பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

ரங்கம்மாளின் பாட்டில் தம்பி ஏரியில் நீந்தினான், ஆடு மேய்த்தான், மாலை மாற்றினான். அதோடு பாட்டு நின்றுபோயிற்று. கடைசி ஏழு வருஷம் அவளிடம் இல்லை.

"அப்பறம்?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "சொல்லுடி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

செண்பகம் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சுண்ணாம்பு விரலெல்லாம் தின்னுடுச்சு அண்ணி. ஆறு மாசமா நான்தான் ஊட்டிவிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் உப்பு கம்மின்னுவாரு உங்க தம்பி."

ரங்கம்மாள் மூச்சை இழுத்தாள். ஊட்டிய சோற்றையும் குறைந்த உப்பையும் ராகத்தில் ஏற்றினாள். வாசலில் நின்ற பெண்கள் உள்ளே வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வோர் அடி முடியும்போதும் அவள் காதைச் சாய்த்தாள். செண்பகம் அதன்மேல் வாயை வைத்து, உதடு மட்டும் அசைய, அடுத்ததைச் சொன்னாள்.