ஆழமில்லாத தொட்டி

காலையில் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு அந்தத் தெருவில் கேட்கிற ஒரே சத்தம், செல்வலட்சுமி தன் வீட்டுக் கொல்லையில் துவைகல்லின் மேல் உட்கார்ந்து தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீரின் சத்தம்தான். ஏழாயிரம்பண்ணையைத் தாண்டி உள்ளே இருந்த அந்த ஊரில் கை கால் ஆடுகிற எல்லோருக்கும் பட்டாசு வேலை இருந்தது. பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால் மிச்சம் இருப்பது கட்டிப்போட்ட ஆடுகளும், நிழல் தேடிப் படுத்திருக்கும் நாய்களும், அவளும்தான். வெயில் ஏற ஏற அவளுக்கு உடம்பு கொதிக்கும். வெந்து ஆறின தோலில் வேர்வை வராது, சூடு உள்ளேயே நிற்கும், அடிக்கடி தண்ணீர் ஊற்றிக்கொள்ளணும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது நடந்தது அந்த வெடிவிபத்து. ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற அறையிலிருந்து நிரம்பிய தட்டை வெளியே எடுத்துக்கொண்டு வந்தவள், வாசல்படியில் ஒரு காலை வைத்திருந்தாள். அதனால் பிழைத்தாள். உள்ளே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. இடது கன்னமும் கழுத்தும் தோளும் வெந்து, தாடை தோளைப் பார்த்து இழுத்துக்கொண்டது. இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் ஒன்றாக ஒட்டிப்போயின.

தை மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மகள் ஓவியாவுக்கு நாலரை வயது. அம்மா வருகிறாள் என்று வாசலுக்கு ஓடிவந்த பிள்ளை, ஆட்டோவிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அத்தை முருகம்மாளின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலற ஆரம்பித்தது. வீட்டுக்குள் வரமாட்டேன் என்றது. சோறு இறங்கவில்லை, காய்ச்சல் கண்டது. கடைசியில் செல்வலட்சுமியேதான் சொன்னாள்.

“மதினி, கொஞ்ச நாளைக்கு ஒங்ககூட இருக்கட்டும். பெறகு பாத்துக்கிடலாம்.”

முருகம்மாள் அவள் கணவன் முனியராஜுக்கு அக்கா. சூலக்கரையில் வீடு. பிள்ளை இல்லாதவள். மாதங்கள் போயின. பிறகு என்று சொன்னதை யாரும் திரும்ப எடுத்துப் பேசவில்லை.

அந்தக் கோடையில்தான் குருவிகள் வந்தன. அவள் மேலிருந்து வழிகிற தண்ணீர் துவைகல்லை ஒட்டிய பள்ளத்தில் தேங்கும். ஒரு மத்தியானம் அந்தச் சோப்புத் தண்ணீரில் ஒரு தவிட்டுக்குருவி இறங்கி மூக்கை நனைத்தது. பின்னாலேயே அதன் கூட்டம் வந்தது. சோப்பு வயிற்றுக்கு ஆகுமா என்று அவளுக்குக் கவலையாகிவிட்டது. எவர்சில்வர் தட்டில் நல்ல தண்ணீர் வைத்தாள். வெயிலில் தட்டு சுட்டது, விளிம்பில் குருவிகளின் கால் வழுக்கிற்று. மண் மூடியைக் கவிழ்த்து வைத்தாள். காக்கா ஏறி நின்று சாய்த்துவிட்டது. சமையற்கட்டுத் தளம் போட்டு மிஞ்சின சிமெண்டு கால் மூடை மூலையில் கிடந்தது. கொல்லையில் ஈர மணலைக் குவித்துப் பூசணிக்காய் மாதிரி தட்டி, மேலே பாலிதீன் பையை விரித்து, அதன்மேல் சிமெண்டைக் குழைத்து அப்பினாள். நல்ல கை ஒன்றும் அரைக் கையுமாக அதைப் பூசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

முதல் தொட்டி வெயிலில் காய்ந்து வெடித்தது. ஈரச் சாக்குப் போட்டுத் தினமும் நனைக்கணும் என்று அப்புறம் புரிந்தது. இரண்டாவது வெடிக்கவில்லை. ஆனால் ஆழம். குருவிகள் விளிம்பில் உட்கார்ந்து எட்டிக் குடித்துவிட்டுப் போயினவே தவிர உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. ஒரு மைனாக் குஞ்சு தவறி விழுந்து, அவள் கை விட்டுத் தூக்கிப்போடும்படி ஆயிற்று. மூன்றாவதை மணல் மேட்டை நன்றாகத் தட்டையாக்கிக்கொண்டு, அகலமாக, விரற்கடை ஆழத்துக்குச் செய்தாள். உள்பக்கத்தை வழவழப்பாக்காமல் தேங்காய் நாரால் கீறிவிட்டாள். நடுவில் ஒரு சப்பைக் கல்லைப் பதித்தாள். மறுவாரம் அந்தக் கல்லில் ஒரு சின்னான் குருவி வந்து நின்றது. கொண்டையை ஆட்டிக்கொண்டு யோசித்தது. பிறகு தண்ணீருக்குள் இறங்கிச் சிறகை அடித்துக் குளித்தது. தெறித்த தண்ணீர் அவள் கால்வரை வந்தது. அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. வேலி ஓரம் ஆடுதான் நின்றது.

முனியராஜ் சரக்கு வேன் ஓட்டினான். நல்லவன். மருந்து வாங்க மறந்ததில்லை, ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் சாப்பிடும்போது டிவியைப் பார்த்துச் சாப்பிட்டான். பேசும்போது அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினான். தொட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெகுநேரம் நின்று பார்த்தான். “நீயா செஞ்செ?” என்றான். அவள் தலையாட்டினாள். மறுநாள் கேட்காமலே அரை மூடைச் சிமெண்டு கொண்டுவந்து இறக்கிவிட்டு, முகம் கழுவப் போய்விட்டான்.

பக்கத்து ஆலைகளில் மத்தியானம் வெடிகளை வெடித்துச் சோதிப்பார்கள். புதிதாக வந்த குருவிகள் அந்தச் சத்தத்துக்குச் சிதறி ஓடும். பழகினவை தலையை ஒருமுறை தூக்கிவிட்டுக் குளியலைத் தொடரும். செல்வலட்சுமிதான் ஒவ்வொரு முறையும் கல்லைப் பிடித்துக்கொள்வாள். அவள் எந்தப் பக்கக் கன்னத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் குருவிகளுக்கு ஒன்றுதான்.

மறு சித்திரையில் ஊர்க் கோயில் பொங்கலுக்கு முருகம்மாள் ஓவியாவை அழைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை வளர்ந்திருந்தது. முன்பல் விழுந்திருந்தது. இப்போது அழவில்லை, ஆனால் அம்மா இருக்கிற பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தது. செல்வலட்சுமி பரிமாறினால் இலையைப் பார்த்தது. முருகம்மாள் பிசைந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டது.

“ஒண்ணாப்பு அங்கனயே சேத்துருவம்னு எங்க வீட்டுக்காரக சொல்றாக” என்றாள் முருகம்மாள், குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு. “சேத்துட்டா பெறகு மாத்தக் கூடாதுல்ல. நீ என்ன சொல்றெ?”

“ஒங்க தம்பிகிட்ட கேளுங்க மதினி.”

“அவன் ஒன்னயக் கேக்கச் சொல்றான்.”

செல்வலட்சுமி எச்சில் இலையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாப்பிட்ட அசதியில் முருகம்மாள் தூங்கிவிட்டாள். செல்வலட்சுமி வழக்கம்போலத் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். தொட்டியில் தவிட்டுக்குருவிகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் பறந்தன. திரும்பினால், கொல்லை வாசலில் ஓவியா. கொஞ்சநேரம் கழித்துக் குருவிகள் திரும்பின. பிள்ளை ஓர் அடி எடுத்து வைத்தது. மறுபடி பறந்தன.

“அங்கன நடமாட்டம் தெரிஞ்சா வராது” என்றாள் செல்வலட்சுமி, தொட்டியைப் பார்த்தபடியே.

“ஒங்கிட்ட மட்டும் வருதுல்ல?”

“தெனமும் பாத்த மொகம்ல.”

 பிள்ளை கல்லைச் சுற்றிக்கொண்டு, அவளுடைய வலது பக்கமாக வந்து, ஓரத்தில் உட்கார்ந்தது. செல்வலட்சுமி அசையவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். வேலியிலிருந்து ஒரு குருவி இறங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது. நடுக் கல்லில் இடம் பிடிக்க ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டன.

“குளிக்குது” என்றது பிள்ளை, குருவிக்குக் கேட்டுவிடுமோ என்கிற குரலில்.

“ம்.”

“அத்தை வீட்டுலயும் இப்பிடி ஒண்ணு வச்சா வருமா?”

 “வரும்” என்றாள் செல்வலட்சுமி. “செய்வமா?”

மணலைக் குவித்தது ஓவியாதான். தட்டையாகத் தட்டச் சொன்னதும் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கித் தட்டியது. செல்வலட்சுமி சிமெண்டை அப்பும்போதெல்லாம் பிள்ளையின் கண் அந்த ஒட்டிய விரல்களின் மேலேயே இருந்தது. அவளுக்குத் தெரிந்தது. கையை மறைக்கவேண்டும் என்று தோன்றிற்று. சிமெண்டு இறுகிவிடும். அதனால் மறைக்காமல் வேலையைச் செய்தாள்.

“வலிக்குமா?”

“இப்ப வலிக்காது. சிமெண்டு பட்டா அரிக்கும்.”

ஓவியா எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தது. கையை எட்ட நீட்டி, தொடாமல், அந்த விரல்களின் மேல் மெதுவாக ஊற்றிற்று.

தொட்டி இறுகுவதற்குள் அவர்கள் கிளம்பும் நாள் வந்துவிட்டது. ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓவியா முகத்தைத் தொங்கப்போட்டது.

“காயட்டும். அப்பா கொண்டாந்து தருவாக” என்றாள் செல்வலட்சுமி. வாசல்வரைதான் அவள் வருவாள். வீடு வந்ததிலிருந்து அதைத் தாண்டியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் முனியராஜின் வேனில்.

பிள்ளை செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தது. குனிந்தபடியே சொல்லிற்று:

“நீயே கொண்டா.”

முருகம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

தொட்டி நன்றாக இறுகிய பிறகு முனியராஜ் அதைத் தூக்கிப் பார்த்தான். “எனக்கு விருதுநகர் லோடுதான் இருக்கு. குடு, போற வழியில சூலக்கரையில எறக்கி வச்சிட்டுப் போயிருதேன்.”

“நான் கொண்டு போறேன்.”

அவன் முதல்முறையாகச் சுவரை விட்டு அவளைப் பார்த்தான். “பஸ்ஸுலயா?”

“ஆமா.”

“நான் வேணா கூட…”

“வேண்டாங்க.”

சாத்தூரில் பஸ் மாறினாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஏறியவள், ஜன்னலோரம் உட்கார்ந்து தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் குலுங்கிய குலுங்கலில் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கவேண்டியிருந்தது. காற்றில் முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. எடுத்துப்போடக் கையில்லை. எதிர் இருக்கையில் இருந்தவள் பார்த்தாள், பிறகு சட்டென்று வெளியே பார்த்தாள். பக்கத்தில் உட்கார வந்தவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு மடியைப் பார்த்தார்.

“இது என்ன தாயி, உரலா?”

“குருவி குளிக்கிற தொட்டி.”

“கனமா இருக்கும் போலயே. கீழ வைங்க.”

“ஒடஞ்சிரும்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வெளியூர் ஆளிடம் அவள் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

சூலக்கரையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தொட்டியை இடுப்பில் வைத்து, நல்ல கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முருகம்மாள் வீட்டுத் தெரு முனையில் திரும்பியதும் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. கரித்துண்டால் சிமெண்டு ரோட்டில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை முதலில் அவளைப் பார்த்தது. பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்தது. கூச்சல் ஒவ்வொன்றாக அடங்கிற்று. ஒரு பையன், “யாருக்கா அது?” என்றான்.

செல்வலட்சுமி நின்றாள். இடுப்பில் தொட்டி கனத்தது. அதை மாற்றிப் பிடிக்க முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

கட்டத்துக்கு நடுவில், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றிருந்தது ஓவியா. செல்வலட்சுமியின் கண் போன பக்கம் திரும்பி, எல்லாப் பிள்ளைகளும் இப்போது ஓவியாவைத்தான் பார்த்தார்கள். அது தொட்டியைப் பார்த்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தது. உடம்பு லேசாகத் தள்ளாடிற்று. தூக்கிய கால் இன்னும் தரையில் படவில்லை.