விடுபட்ட கோப்பு

ஃபிட்டர், கம்ப்யூட்டர்காரனைப் பிடரியில் பிடித்து இழுத்துவந்து, தகடு அடிக்கும் பிரஸ்ஸின் முன்னால் தள்ளினான். முந்தின நாள் அந்த இடத்தில்தான் ஃபிட்டருடைய தம்பியின் மூன்று விரல்கள் நசுங்கின. குறுக்கே கை வந்தால், கம்ப்யூட்டர்காரன் எழுதிய புரோகிராமால் பிரஸ் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை.

"அண்ணே, என் லேப்டாப்புல நல்லாத்தாண்ணே ஓடுது!"

"அப்ப உன் வீட்டுக்கு வந்து தகடு அடிக்கச் சொல்றியாடா?"

ஃபிட்டரின் முழங்கை விலாவிலும் வாயிலும் இறங்கியது. சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள்.

"சரி பண்ணு. பண்ணிட்டு உன் கையை உள்ள வை. நான் பெடலை மிதிக்கிறேன்."

உதட்டு ரத்தம் கீபோர்டில் சொட்டச் சொட்ட, பட்டறைக் கம்ப்யூட்டரில், கோப்புகளைச் சேர்த்துப் புரோகிராமாகக் கட்டும் பில்டை ஓட்டினான். பச்சை எழுத்தில் முடிந்தது என்று வந்தது. போன தடவையும் பச்சைதான்.

"பச்சை வந்துடுச்சே. வைக்கிறியா?"

"இருங்கண்ணே, இருங்க!"

எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று தானே போட்டுவைத்திருந்ததை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். ஒரு மஞ்சள் வரி வந்தது. கையைக் காக்கும் கோப்பு விடுபட்டிருந்தது. ஒழுங்காக இருக்கட்டும் என்று போன வாரம் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று அடுக்கியிருந்தான். அவனுடைய லினக்ஸ் லேப்டாப் அவ்வளவு நீளப் பாதையையும் விழுங்கிவிடும். பட்டறையின் பழைய விண்டோஸுக்குத் தொண்டை சின்னது. இறங்காத கோப்பைத் துப்பிவிட்டு மீதியைக் கட்டி முடித்திருந்தது.

எல்லாவற்றையும் டிரைவின் முதல் ஃபோல்டருக்கு நகர்த்தினான். பாதை சுருங்கியது. மஞ்சள் வரி போனது. பிரஸ்ஸில் ஏற்றினான்.

"கை."

"அண்ணே, மொதல்ல ஒரு கட்டையை வெச்சுப் பாத்துடலாம்ணே..."

"என் தம்பிக்கு எவன்டா கட்டை வெச்சுப் பாத்தான்?"

மணிக்கட்டைப் பிடித்துக் கீழ் அச்சின்மேல் அறைந்து, பெடலை மிதித்தான். மேல் அச்சு தடதடவென்று இறங்கி, பாதியில் வெடுக்கென நின்றது.

கம்ப்யூட்டர்காரன் கையை உருவி அடிவயிற்றில் பொத்திக்கொண்டான். "நின்னுடுச்சுண்ணே... நின்னுடுச்சு..." அழுகையும் சிரிப்புமாக வந்தது.

ஃபிட்டர் அந்தரத்தில் நின்ற இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோதானாடா வேலை?"

பதில் வருவதற்குள் பெரிய ஸ்பேனர் ஃபிட்டரின் கையில் இருந்தது. வாசலில் நின்றவர்கள் யாரும் நகரவில்லை.